வழக்கும் வதிவுரிமையும்



கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் நெடுஞ்சாலை பெலிஹுல் ஓயாவைக் கடந்து மலையேறுகின்றது. பெரகலைச் சந்தியை அடையுமுன்னர் ஹல்துமுல்லை என்னும் சிற்றூர் எதிர்ப்படும். அங்கு நின்று நோக்கினால் ஒருபுறம் தேயிலைச் சரிவுகளும் லயங்களும் தெரியும். மறுபுறம் தெற்கே சமவெளி பரந்து கிடக்கும். அவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மக்களை மனத்தில் வைத்தே இன்றைய பேச்சைத் தொடங்குகின்றேன்.

1950 ஆம் ஆண்டுகளில் அத்தகைய தோட்டமொன்றில் வாழ்ந்த இருவரைக் கற்பனை செய்து கொள்வோம். அடுத்தடுத்த காம்பராக்களில் குடியிருப்பவர்கள். ஒரே மலையில் வேலை செய்பவர்கள். சம்பள நாளன்று மாலையில் வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பாகின்றது. பொலிசார் இருவர் மீதும் வழக்குத் தொடுக்கின்றனர். ஒரு நாள் பேரும் போகக்கூடாது, வழக்கும் நீளக்கூடாது என்று எண்ணி இருவரும் நீதவான் முன் குற்றத்தை ஒப்புக்கொள்கின்றனர். இருவருக்கும் ஒரே அளவு தண்டப்பணம். நீதி சமமாக வழங்கப்பட்டதென்றே எவரும் கூறுவர்.

ஆயினும் ஒருவர் இந்நாட்டின் பிரசை, மற்றவர் பிரசையல்லாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னவருக்குத் தண்டப்பணத்தைச் செலுத்திய அன்றே வழக்கு முடிந்துவிட்டது. பின்னவருக்கோ அன்றுதான் வேறொரு கேள்வி பிறக்கின்றது. “நீ யார்? எப்பொழுது வந்தாய்? இங்கே தங்கியிருக்க உன்னிடம் என்ன பத்திரம் உண்டு?” என்பதே அக்கேள்வி. இதற்கு விடை கூற வேண்டிய இடம் நீதிமன்றமன்று; குடிவரவுக் கந்தோர். அங்கே கிடைக்கக்கூடிய விளைவு தண்டப்பணமுமன்று. பிறந்து வளர்ந்த மண்ணைவிட்டு நீங்குதல்.

பிரசைக்கு ஒரு குற்றச்சாட்டு ஒரு வழக்கு; பிரசையல்லாதவருக்கு அதே குற்றச்சாட்டு இரண்டு வழக்கு. இந்த உண்மையை விளக்குவதே என் நோக்கம்.

இவ்விரண்டாவது வழக்கின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். குற்றவியல் வழக்கில் குற்றத்தை நிரூபிக்கும் பாரம் வழக்குத் தொடுப்பவரைச் சார்ந்தது. சந்தேகம் எழுந்தால் அதன் பயன் எதிரிக்கே உரியது. நாடுகடத்தலையோ சட்டம் தண்டனை என்று அழைப்பதில்லை. நிர்வாக நடவடிக்கை என்றே அழைக்கின்றது. ஆதலால் தண்டனைக்குரிய பாதுகாப்புகள் பலவும் அங்கே கிடைப்பதில்லை. நமது 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க குடிவரவு குடியகல்வுச் சட்டம், பிரசையல்லாத ஒருவரைப் பொதுநலன் கருதி நாட்டினின்றும் வெளியேற்றக் கட்டளையிடும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்தது. அக்கட்டளைக்கு முன்னதாக நீதிமன்றம் ஒன்று குற்றவாளியெனத் தீர்த்திருக்க வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை.

அதே 1948 ஆம் ஆண்டில்தான் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் பிறந்தது. நவம்பர் 15 ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. ஒருவர் இந்நாட்டிற் பிறந்தார் என்பது மாத்திரம் போதாது. அவருடைய தந்தை இங்கே பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்றோ காட்டவேண்டும் என அச்சட்டம் விதித்தது. பிறப்புப் பதிவே சீராக இல்லாத லயங்களில் பூட்டனின் பிறப்புக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றின் முடிவில் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே.

அச்சட்டம் இடையறாத வதிவைக் கோரிற்று. தாயின் மரணத்துக்கென்றோ தங்கையின் திருமணத்துக்கென்றோ திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளுக்குச் சென்று நீண்டநாள் தங்கியவரின் வதிவு அறுந்துபோயிற்று. திரும்பிவர அனுமதிப் பத்திரம் கிடைக்காமல் மன்னார்க் கரைக்குத் தோணியேறி வந்தவரோ புதிய சட்டத்தின்படி குற்றவாளியானார். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த மலைக்குத் திரும்பியதே அவர் செய்த குற்றம். “கள்ளத்தோணி” என்ற சொல் அங்கே பிறந்து, தோணியையே காணாத மக்கள் மீதும் வசையாக வீசப்பட்டது. பிடிபட்டவர் பத்திரம் காட்டவேண்டும். காட்டத் தவறினால் சந்தேகத்தின் பயன் அவருக்குக் கிடைப்பதில்லை. இரண்டாவது வழக்கில் பாரம் இடம் மாறிவிடுகின்றது என்று நான் கூறியதன் பொருள் இதுவே.

அப்படியாயின் நீதிமன்றத்தால் ஒன்றுமே ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகும் என்பதற்கு இரண்டு வழக்குகள் சான்றாக உள்ளன.

முதலாவது, 1937 ஆம் ஆண்டின் பிரேஸ்கேர்டில் வழக்கு. அவர் ஆஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தொழில் பழக வந்த இளைஞர். தொழிலாளரின் நிலை கண்டு மனம் வருந்தி, லங்கா சமசமாஜக் கட்சியின் மேடையில் ஏறித் துரைமாரைக் குறைகூறினார். அவ்வாண்டு ஏப்ரல் 22 ஆம் திகதி தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாற்பத்தெட்டு மணித்தியாலத்துள் நாட்டைவிட்டு நீங்குமாறு கட்டளையிட்டார். அவர் மீது எந்த நீதிமன்றத்திலும் எந்தக் குற்றச்சாட்டும் இருக்கவில்லை. பின்னர் அவர் கைது செய்யப்பட்டபொழுது எச். வி. பெரேரா அவருக்காக ஆட்கொணர்வு மனுவில் வாதாடினார். அவசரகால நிலைமை இல்லாதபொழுது அவ்வாறு கட்டளையிடத் தேசாதிபதிக்கு அதிகாரமில்லை என்று தீர்த்து, உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. வெளியேற்றும் கை எவ்வளவு பெரிதாயினும் அதற்குச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும் என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று.

இரண்டாவது, கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்ட வழக்கு. 1946 ஆம் ஆண்டளவில் அத்தோட்டத்தை அரசாங்கம் கிராமத்தவர்க்கு நிலம் வழங்குவதற்காகச் சுவீகரித்தது. அங்கே குடியிருந்த தொழிலாளருக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. “இதுவே எங்கள் வீடு; நாங்கள் எங்கே போவது?” என்று அவர்கள் அங்கேயே தங்கினர். அவர்கள் மீது அத்துமீறிப் பிரவேசித்தல் என்னும் குற்றம் சாட்டப்பட்டது. தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தமக்கு உரிமை உண்டென்று உண்மையாகவே நம்பி ஓரிடத்தில் இருப்பவர், அந்த உரிமை சட்டத்தில் நிலைபெறாது போயினும், அதனால் மாத்திரம் குற்றவாளியாகிவிடமாட்டார் என்று 1950 ஆம் ஆண்டில் அம்மன்றம் கூறிற்று. குடியிருந்த வீட்டில் தொடர்ந்து குடியிருந்ததைக் குற்றமாக்கி ஒரு சமூகத்தை அகற்றும் முயற்சி அங்கே தடைப்பட்டது.

இவ்விரு வழக்குகளிலும் பொதுவான செய்தி ஒன்றுண்டு. வழக்காடத் துணிந்தோருக்கு நல்ல சட்டத்தரணிகள் காலத்தோடு கிடைத்தனர். கிடைக்காத ஆயிரக்கணக்கானோரின் கதைகள் எந்தச் சட்ட அறிக்கையிலும் இடம்பெறவில்லை.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் முடிவாயிற்று. 1974 ஆம் ஆண்டில் அந்த எஞ்சியோரும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இந்தியப் பிரசையாகப் பதிவானவர் இங்கே தங்குவதற்குத் தவணை உண்டு. தவணை கடந்தால் அவர் குடிவரவுச் சட்டத்தை மீறியவர். சேமலாப நிதிப் பணம் கைக்கு வரவில்லை என்று காத்திருந்தவர்களும், மகளின் பிள்ளைப்பேறு முடியட்டும் என்று இருந்தவர்களும் அவ்வாறு சட்டத்தை மீறியவர்களாயினர். எழுபதுகளில் பொலிசார் தோட்டங்களுக்கு வந்து அத்தகையோரைப் பிடித்துச் சென்று கப்பலேற்றியதை முதியோர் இன்றும் மறக்கவில்லை. களவில்லை, கொலையில்லை, நாட்காட்டியில் ஒரு திகதி கடந்துவிட்டது. அவ்வளவே.

1984 இல் தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பற் சேவை நின்றதும், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோர் பலர் போகவும் வழியின்றி, இருக்கவும் உரிமையின்றி இங்கேயே தங்கினர். 1986, 1988 ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றோர் பலருக்குப் பிரசாவுரிமை அளித்தன. இறுதியாக 2003 ஒக்டோபரில் பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றிய 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் கதவைத் திறந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் நீடித்த இரண்டாவது வழக்கு அன்றுடன் நமது தோட்டங்களில் முடிவுற்றது.

முடிந்த கதையை இப்பொழுது ஏன் பேசவேண்டும்? தாத்தாவும் பாட்டியும் தம் சொந்த ஊரில் அந்நியராக இருந்தனர். பேரப்பிள்ளைகளோ இன்று பிற நாடுகளில் அந்நியராக இருக்கின்றனர். ஊவாவின் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பெண்கள் சவூதி அரேபியாவுக்கும் குவைத்துக்கும் வீட்டுப் பணிக்குச் செல்கின்றனர். அந்நாடுகளில் அவர்களுடைய வதிவு அனுமதி எஜமானரின் பெயரோடு பிணைக்கப்பட்டிருக்கின்றது. கொடுமை தாங்காமல் ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியேறினால், “ஓடிவிட்டாள்” என்று எஜமானர் முறைப்பாடு செய்யலாம். சவூதியில் இதனை ஹுரூப் என்பர். அம்முறைப்பாடு பதிவானதும் அவளுடைய அனுமதி ஆட்டங்காண்கின்றது. கைதும் நாடுகடத்தலும் தொடரக்கூடும். சம்பளம் தராதவர் மீது அவள் வழக்காட நினைக்குமுன் அவளே எதிரியாகிவிடுகின்றாள். நகை களவுபோயிற்று என்ற குற்றச்சாட்டோ இதற்கு நேர்மாறான விளைவைத் தரும். வழக்கு முடியும்வரை அவள் நாடு திரும்பவும் முடியாது.

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் கதையை நாடே அறியும். 2005 ஆம் ஆண்டில் சவூதியில் கைதாகி, 2013 ஜனவரி 9 ஆம் திகதி மரணதண்டனைக்கு உள்ளானார். தம் மொழி தெரிந்த நல்ல மொழிபெயர்ப்பாளரும் சட்டத்தரணியும் இல்லாத வேளையில் பெறப்பட்ட வாக்குமூலம் அவருக்கெதிராக நின்றது. அவருடைய கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தமையால், சம்பவ காலத்தில் அவர் சிறுமி என்ற வாதமும் எடுபடவில்லை. ஏழ்மையில் எழுதப்பட்ட ஒரு பொய்த் திகதி எத்தகைய விலையைக் கேட்கும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

பாக்குநீரிணையின் அக்கரையிலும் நம்மவர் உள்ளனர். தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்வோருள் மலைநாட்டிலிருந்து வடக்கிற்குச் சென்று, பின்னர் போரினால் கடல்கடந்த குடும்பங்களும் உண்டு. உரிய பத்திரமின்றித் தோணியேறி வந்தமையால், சட்டவிரோதமாகக் குடியேறியோர் என்ற பெயர் அவர்களுக்குச் சூட்டப்பட்டது. அப்பெயர் சூட்டப்பட்டோர் பதிவின் மூலம் இந்தியக் குடியுரிமை கோர இயலாது என்பது அந்நாட்டுச் சட்டம். வழக்கில் சிக்கியவர்கள் சிலர் பிணை பெற்ற பின்னரும் வீடு செல்லாது, சிறைவாயிலிலிருந்து நேரே சிறப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டதுண்டு. 2015 ஜனவரி 9 ஆம் திகதிவரை அடைக்கலம் புகுந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழருக்கு, பத்திரமின்றி இருத்தலுக்கான தண்டனையிலிருந்து 2025 செப்ரெம்பரில் இந்திய அரசு விலக்களித்தது. அது ஆறுதலே; ஆனால் குடியுரிமையன்று. இக்கரைக்குத் திரும்புவோருக்கும் இடர் உண்டு. 2025 மே மாதத்தில் முகாமிலிருந்து பலாலி வழியாகத் திரும்பிய முதியவர் ஒருவர், அக்காலத்தில் உரிய துறைமுகத்தின் வழியாக நாட்டைவிட்டு நீங்கவில்லை என்ற காரணத்திற்காகக் கைதாக நேர்ந்தது.

மேலைநாடுகளிலும் இவ்விதி உண்டு. பிரித்தானியாவின் 2007 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பன்னிரண்டு மாதங்களோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெறும் அந்நியரை நாடுகடத்துவது பொதுவிதி, விலக்குகள் சிலவே. அமெரிக்காவில் ஹொண்டூராஸ் நாட்டிற் பிறந்த சாரதி ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டப்படி வாழ்ந்தவர். வியட்நாம் போரில் அந்நாட்டுப் படையிற் பணிபுரிந்தவர். போதைப்பொருள் வழக்கொன்றில், “நீண்டகாலம் இங்கே இருந்துவிட்டீர், வதிவைப்பற்றி அஞ்சவேண்டாம்” என்ற சட்டத்தரணியின் சொல்லை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலே அவரை நாடுகடத்தலுக்கு உரியவராக்கிவிட்டது. 2010 மார்ச் 31 ஆம் திகதி அமெரிக்க உயர்நீதிமன்றம், குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தல் நேருமா என்பதைப் பிரசையல்லாத கட்சிக்காரருக்கு எடுத்துரைப்பது சட்டத்தரணியின் கடமை என்று தீர்த்தது. பாடிலா வழக்கு என்று அது வழங்கப்படுகின்றது.

எனவே நேயர்களே, வெளிநாட்டிலுள்ள உங்கள் பிள்ளைகளுக்கும், போக ஆயத்தமாக இருப்போருக்கும் சில சொற்கள் கூற விரும்புகின்றேன்.

முதலாவதாக, கடவுச்சீட்டில் பெயரும் பிறந்த திகதியும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் உள்ளவாறே இருக்கட்டும். முகவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் வயதைக் கூட்டவோ குறைக்கவோ இணங்கவேண்டாம்.

இரண்டாவதாக, வதிவு அனுமதி முடியும் திகதியை எஜமானரிடம் விட்டுவிடாமல் தாமே அறிந்து வைத்திருக்கவேண்டும். கொடுமையினால் வெளியேற நேர்ந்தால் தாமதியாது இலங்கைத் தூதரகத்தை அடைந்து, முறைப்பாட்டைத் திகதியுடன் எழுத்திற் பதிவுசெய்ய வேண்டும்.

மூன்றாவதாக, கைதானால் தம் நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்குமாறு கேட்க உரிமை உண்டு. கொன்சல் உறவுகள் பற்றிய 1963 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அவ்வுரிமையை உறுதிசெய்கின்றது. வாசித்து விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையொப்பமும் வேண்டாம், கைநாட்டும் வேண்டாம்.

நான்காவதாக, மற்றெல்லாவற்றிலும் முக்கியமானது இது. குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன் சட்டத்தரணியிடம், “நான் இந்நாட்டுப் பிரசையல்லேன், இவ்வொப்புதல் என் வதிவை என்ன செய்யும்?” என்று கேட்கவேண்டும். சிறு தண்டப்பணத்தோடு தொல்லை தீரும் என்ற எண்ணம் தவறாகலாம். விடுதலை கிடைத்த பின்னரும் வதிவு அனுமதி தானாகவே திரும்பி வருவதில்லை. அதற்கு வேறாக முயலவேண்டும்.

ஐந்தாவதாக, பத்திரங்களைப் பேணுங்கள். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் மீது மலை சரிந்தது. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐம்பது ஆண்டை நிறைவுசெய்ய ஒரே நாள் இருந்தது. மனிதரையும் லயங்களையும் விழுங்கிய அம்மண், தகரப் பெட்டிகளில் இருந்த பிறப்புப் பத்திரங்களையும் அடையாள அட்டைகளையும் விழுங்கிற்று. உயிர் போனபின் பத்திரத்தைப்பற்றிப் பேசுவது கடினமே. ஆயினும் உயிர் தப்பியவர் மறுநாள் தாம் யாரென்று காட்டவேண்டுமே! பிறப்பு, விவாக, பிரசாவுரிமைப் பத்திரங்களின் பிரதிகளை எடுத்து, ஒரு தொகுதியை வேறூரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். பத்திரம் இழந்தோர் பிரதேச செயலகத்தை நாடுங்கள். வழக்காடப் பணமில்லாதோருக்காக 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு உள்ளது. அதனிடம் கேட்க வெட்கப்படவேண்டாம்.

நிறைவாக ஒன்று. குற்றம் செய்தவர் தண்டனை பெறவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. தன் எல்லைக்குள் எவர் இருக்கலாம் என்று வரையறுக்க ஒவ்வொரு நாட்டுக்கும் அதிகாரம் உண்டு என்பதும் மெய்யே. ஆனால் ஒரே கைகலப்புக்கு ஒருவர் தண்டப்பணமும் மற்றவர் தம் வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் யாவற்றையும் விலையாகக் கொடுக்க நேருமாயின், அந்த விலையைத் தீர்மானிப்போர் சற்றே நின்று நிதானிக்கவேண்டும். அன்று தேசாதிபதியின் கட்டளையையே நிறுத்திக் கேள்வி கேட்ட நீதிமன்றம் செய்தது அதுதான்.

நாம் அந்நியராக இருந்தபொழுது நமக்கு எது வேண்டுமென்று விரும்பினோமோ, அதனையே நம் நாட்டுக்கு வரும் அந்நியருக்கும் வழங்குவோம். ஐம்பத்தைந்து ஆண்டுகள் அத்துன்பத்தை அறிந்த மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.